வேலிப் பொட்டை அடைத்த கதை

ஊர்க்காரர் நடத்தும் ஒன்றியத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் கதைத்தார். ஆண்டு மலருக்கு நான் ஒரு கட்டுரை தரவேண்டுமாம். தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார்: ‘அன்றைய ஊரும் அதன் ஒற்றுமையும்.’

“ஒரு வீட்டிலை உலை வைச்சால் நாலு வீடு சாப்பிட்ட காலமல்லோ அக்கா, அதை வடிவா எழுதுங்கோ” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். அந்தக் காலத்தில் அவர் மூக்குச் சிந்தத் தெரியாத பிள்ளையாக இருந்திருப்பார். யாரோ சொல்லிக் கொடுத்த ஊர் அவருடையது. நான் இருந்த ஊரை நான் எழுதுகிறேன். மலரில் போட்டால் போடட்டும், போடாவிட்டால் அடுப்பில் போடட்டும்.

உரும்பிராயில் அம்மாவின் சீதனக் காணியில் எங்கள் வீடு. அதற்குப் பின்னால் சின்னம்மாவின் வீடு. அக்காவும் தங்கையுமான இரண்டு பேருக்கும் ஒரே காணியை நடுவால் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எங்கள் வாசற்படலை மேற்கு ஒழுங்கைக்குத் திறக்கும், அவர்களுடையது கிழக்கு ஒழுங்கைக்கு. நடுவில் ஒரு வேலி. கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்டு, குறுக்கே வரிச்சு கட்டி, பனையோலையால் அடைத்த வேலி. அதில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு இருந்தது.

பொட்டு என்பது ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இடைவெளி. எங்கள் பக்கத்தில் பொட்டில்லாத வேலியே இல்லை. ஆம்பிளைகளும் விருந்தாளிகளும் படலையால் வருவார்கள். பெண்களும் பிள்ளைகளும் கோழிகளும் பொட்டால் போய் வருவோம். கறிக் கிண்ணம், வெங்காயம், தேங்காய்ப் பாதி, ஊர்ப் புதினம் எல்லாம் அதால்தான் போகும். மின்சாரம் நின்று, சவர்க்காரமும் நெருப்புப் பெட்டியும் தங்கம்போல ஆகிவிட்ட தொண்ணூறாம் ஆண்டில் அந்தப் பொட்டு இன்னும் பிசியானது. காலையில் சின்னம்மாவின் தலை அதற்குள்ளால் நீளும்.

“அக்கா, உங்கடை அடுப்பு எரியுதோ? ஒரு கொள்ளி தாங்கோ.”

“உனக்குக் கொள்ளி தந்தே என்ரை விறகு முடியப் போகுது.”

“கொள்ளி தானே கேட்டனான், குதிரைமுட்டையோ கேட்டனான்?”

என் அக்கா தலைப்பிள்ளைப் பேற்றுக்கு வந்திருந்தாள். அவளைக் கட்டிக் கொடுத்தது உடுவிலில். முதற்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம், அதனால் வயிற்றோடு உரும்பிராய்க்கு வந்தாள். அத்தான் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார். அக்காவும் நாளுக்கு ஏழு தடவை பொட்டுக்குள்ளால் சின்னம்மா வீட்டுக்குப் போவாள். சின்னம்மாவுக்குப் பிள்ளை இல்லை. அக்காவுக்கு என்ன ஆசையோ அது அங்கே சமைபடும்.

“உந்த வயித்தோடை உதுக்குள்ளாலை வராதை பிள்ளை, பொட்டுப் பெருக்கப் போகுது” என்று சித்தப்பா பகிடி விடுவார்.

“பெருத்தால் நீங்கள் தானே அடைக்கிறது, எனக்கென்ன” என்பாள் அக்கா.

குண்டுவீச்சு விமானங்கள் வரத் தொடங்கியபோது இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பங்கர் வெட்டுவதென்று ஐயாவும் சித்தப்பாவும் தீர்மானித்தார்கள். ஐயா என்பது என்னைப் பெற்ற தகப்பன். எங்கள் வளவு முழுக்கச் சுண்ணாம்புக்கல். அலவாங்கால் குத்தினால் பொறி பறக்கும். சித்தப்பாவின் வளவில் ஒரு மூலை நல்ல செம்பாட்டு மண். அங்கே இரண்டு பேரும் சேர்ந்து வெட்டினார்கள். ஒருவர் வெட்ட ஒருவர் மண் தூக்கினார். பின்னேரத்தில் ஒரே செம்பில் தேத்தண்ணி குடித்தார்கள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவர்கள் ஜென்மப் பகையாளிகள் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திராது.

பங்கருக்கு மேல்மூடி வேண்டும். பனங்குற்றி அடுக்கி அதற்கு மேல் மண்மூட்டை போட வேண்டும். குற்றி போதவில்லை. வேலியின் நடுவில், எல்லையில், ஒரு பனை நின்றது. இரண்டு வீட்டுக்கும் பொது. ஓலை ஒரு வருடம் எங்களுக்கு, ஒரு வருடம் அவர்களுக்கு. ஒருநாள் ஐயா மிளகாய் மூட்டையோடு பக்கத்து ஊரான திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிருந்த நேரம், சித்தப்பா ஆள் பிடித்து அந்தப் பனையைத் தறித்தார். மத்தியானத்துக்குள் அது குற்றியாகிப் பங்கருக்கு மேலே ஏறிவிட்டது.

ஐயா வந்தார். சைக்கிளை ஸ்டாண்டில் விடவும் இல்லை, அப்படியே பிடித்துக்கொண்டு வேலியைப் பார்த்தார்.

“ஆரைக் கேட்டு வெட்டினவன்?”

“பங்கருக்குத் தானே வெட்டினவர்” என்றார் அம்மா. “எங்களுக்கும் தானே அது.”

“அது எனக்குத் தெரியும். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டவனோ?”

“நீங்கள் சந்தைக்குப் போட்டியள்.”

“சந்தை என்ன கொழும்பிலையோ கிடக்கு? பின்னேரம் வருவன் தானே? கேட்டிருந்தால் நானே கோடாலியைத் தூக்கியிருப்பன்.”

வேலிக்கு அந்தப் பக்கத்தில் சித்தப்பா நின்றார். ஐயாவுக்குப் பதில் சொல்லாமல், பக்கத்தில் நின்ற சின்னம்மாவுக்குச் சொல்வதுபோல உரத்துச் சொன்னார்: “எல்லைப் பனை ரண்டு பேருக்கும் சொந்தம். நான் என்ரை பாதியைத் தான் வெட்டினனான். தன்ரை பாதி வேணுமெண்டால் அவர் நட்டு வைச்சிருக்கட்டும்.”

அந்தப் பகிடி அடுத்த நாளே சந்திக்கடைக்குப் போய்விட்டது. “என்ன, உங்கடை பாதிப் பனை எப்பிடி?” என்று ஒருவன் ஐயாவைப் பார்த்துக் கேட்டானாம். அவ்வளவுதான். ஐயா வீட்டுக்கு வந்து கருக்குமட்டைகளை இழுத்துப் போட்டார். கருக்குமட்டை என்பது பனையோலையின் காம்பு. இரண்டு கரையிலும் வாள்போலப் பல் இருக்கும், தொட்டால் தோலை உரித்துவிடும். அவற்றைப் பொட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, நார் போட்டு இறுக்கிக் கட்டினார்.

“இனி இந்த வீட்டாள் ஒருத்தரும் இதாலை அங்காலை போகப்படாது.”

“குண்டு போட்டால்?” என்று அம்மா கேட்டார்.

“ஒழுங்கையாலை சுத்திப் போங்கோ. றோட்டு ஆரின்ரை அப்பன் வீட்டுச் சொத்துமில்லை.”

நன்றாக யோசித்துப் பாருங்கள். பங்கருக்குப் போக வேண்டாம் என்று அந்த மனிதர் சொல்லவில்லை. பொட்டால் போகக் கூடாது, அவ்வளவுதான். பொட்டால் போனால் உறவு. ஒழுங்கையால் சுற்றிப் படலையால் போனால் ஊராள். ஊராளாகப் போனால் அவருடைய ரோசத்துக்குப் பழுதில்லை. எங்கள் படலையால் வெளிக்கிட்டு, ஒழுங்கை வழியே கோயில் மூலைவரை போய், திரும்பி, மற்ற ஒழுங்கையால் வந்து அவர்கள் படலையைத் திறக்க வேண்டும். பொம்பர் விமானத்தளம் இருந்த பலாலிப் பக்கம் இரைந்தால் எங்கள் தலைக்கு மேல் வர அவ்வளவு நேரம் எடுக்காது. வயிற்றுப் பிள்ளைத்தாய்ச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாவும் நானும் ஓடுவோம். இரண்டு பக்கமும் உயர்ந்த வேலி. ஒதுங்க இடமில்லை. ஐயா வரமாட்டார். வாழைப் பாத்திக்குள் குப்புறப் படுப்பார். அவருடைய ரோசத்துக்கு அந்தச் சேறு போதுமாக இருந்தது.

அம்மா ஒரு பெரிய மனிதரிடம் போனார். பென்சன் எடுத்த தபாலதிபர், ஊரில் வழக்குத் தீர்க்கிறவர். அவர் வந்து ஐயாவோடு கதைத்தார். அங்கால் போய்ச் சித்தப்பாவோடும் கதைத்தார். இரண்டு வீட்டிலும் தேத்தண்ணி குடித்தார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“உம்மடை மனிசன் ரோசக்காரன் தங்கச்சி. அதிலை பிழை சொல்லேலாது. அவர் வந்து ஒரு வார்த்தை கேட்டால் இவர் திறப்பார். அவர் சொல்லுறார், அடைச்சவர் திறக்கட்டும் எண்டு. அதிலையும் ஒரு ஞாயம் இருக்குத்தானே?”

“அப்ப என்ரை பிள்ளை?”

“கவனமாப் பாத்துக்கொள்ளும்.”

இதுதான் எங்கள் ஊரின் நடுநிலை. இரண்டு பேரிலும் நியாயம் கண்டுபிடித்துவிட்டு வீட்டுக்குப் போவது. கூட்டுறவுச் சங்கக்கடை வரிசையில் நின்ற பெண்களும் அதையே சொன்னார்கள். “ஆம்பிளையள் எண்டால் அப்பிடித்தான்” என்று ஒருத்தி. “எங்கடையவர் எண்டால் ஒழுங்கையாலும் விட்டிருக்க மாட்டார்” என்று இன்னொருத்தி, ஏதோ பெருமைபோல. ஒருவர்கூட அந்த மட்டைகளைப் பிடுங்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை.

அக்கா தானே கேட்டாள். ஐயா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஐயா, எனக்காகத் திறந்து விடுங்கோ. என்னாலை ஓடேலாமல் கிடக்கு.”

ஐயா கையை உதறிக்கொண்டு அவளைப் பார்த்தார். கண் கலங்கியது. பொய் சொல்லவில்லை, நான் பார்த்தேன்.

“உனக்கெண்டால் உயிரையும் தருவன் பிள்ளை. அதை மட்டும் கேக்காதை.”

உயிர் யாருக்கு வேண்டும்? அவள் கேட்டது நாலு மட்டையைக் கழற்றச் சொல்லி. உயிரைத் தருகிறேன் என்று சொல்வதற்கு ஒரு செலவும் இல்லை, யாரும் வாங்க வரப்போவதில்லை.

சித்தப்பாவும் அதே சாதிதான். அக்கா வந்து இருக்கட்டும் என்று பங்கருக்குள் கதிரை வைத்தார். அவள் இறங்கச் சுகமாகப் படியை அகலமாக வெட்டினார். மண்பானையில் தண்ணி வைத்தார். இவ்வளவும் செய்த மனிதரால் வேலிக்கு வந்து, “அண்ணை, கேக்காமல் வெட்டிப்போட்டன், பிழைதான்” என்று சொல்ல முடியவில்லை. அம்மாவும் சின்னம்மாவும் வேலியின் இரண்டு பக்கமும் குந்தியிருந்து ஓலைக்குள்ளால் குசுகுசுப்பார்கள். புருஷன்மாரின் சத்தம் கேட்டால் எழும்பிவிடுவார்கள். அவர்களிலும் எனக்குக் கோபம்தான். இரண்டு பேர் வீட்டிலும் கத்தி இருந்தது.

அன்று அம்மா சங்கக்கடைக்குப் போயிருந்தார். ஐயா வாழைக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்தார். நான் தேங்காய் துருவ, அக்கா பக்கத்தில் பலகையில் இருந்தாள். மாதம் முற்றிவிட்டது, எழும்பவே என் தோளைப் பிடிக்க வேண்டும். இரைச்சல் கேட்டது. கேட்ட மாதிரியே கிட்டவும் வந்துவிட்டது. முற்றத்துக்கு வந்தோம். அக்கா படலைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு திரும்பி நேரே வேலிக்குப் போனாள்.

“அக்கா, அதாலை ஏலாது!”

“ஒழுங்கையாலும் ஏலாதடி. பிடி இதை!”

நான் மேல் மட்டைகளைத் தூக்கிப் பிடித்தேன். அவள் தலையையும் ஒரு தோளையும் உள்ளே விட்டாள். அந்தப் பக்கம் சின்னம்மா ஓடி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தார். கருக்கு அக்காவின் இரண்டு கையையும் கிழித்தது, சின்னம்மாவின் உள்ளங்கையையும் கிழித்தது. வயிறு வந்த இடத்தில் நின்றுவிட்டாள். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. எங்கோ கோப்பாய்ப் பக்கம் விழுந்தது. நிலம் உதறியது. அக்கா கத்தினாள். பயத்தில் கத்துகிறாள் என்று நினைத்தேன். அவள் காலடி நனைந்ததைப் பார்த்த பிறகுதான் பன்னீர்க்குடம் உடைந்துவிட்டது என்று விளங்கியது.

ஐயா கொடுவாக்கத்தியோடு ஓடிவந்தார். பங்கருக்குள் இருந்து சித்தப்பா கோடாலியோடு வந்தார். நடுவில் அக்கா. இரண்டு பேருக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி இருந்தால் அதிகம். ஒருவர் மூச்சு ஒருவரில் படும்.

ஐயா என்னைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளை, அந்தாளுக்குச் சொல்லு, கீழே கட்டின நாரை அறுக்கச் சொல்லி.”

சித்தப்பாவும் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கொப்பருக்குச் சொல்லு, அவர் மேல் மட்டையைத் தாங்கினால் தான் நான் அறுக்கலாம்.”

நான் சொன்னேன். கடவுளே, முதல்முறை நான் சொன்னேன்! “ஐயா, மேல் மட்டையைத் தாங்கட்டாம்” என்று. பிறகுதான் எனக்கு விசர் பிடித்தது.

“வாயைத் திறந்து ஆளோடை ஆள் கதையுங்கோவன், நாசமாப் போவாரே!”

இரண்டு பேரும் திகைத்து என்னைப் பார்த்தார்கள். அப்போதும் கதைக்கவில்லை. ஒருவர் தாங்க ஒருவர் அறுத்தார். ஒரு சொல் இல்லாமல், நல்ல வேலைக்காரர்போல, கதியாலையும் சேர்த்து வெட்டி அக்காவை எடுத்தார்கள். சின்னம்மா அவளை அணைத்துத் தன் வீட்டுக்குள் கொண்டுபோனார். சண்டையால் பெரியாஸ்பத்திரிப் பக்கம் நினைத்தும் பார்க்க முடியாத காலம். சித்தப்பா மருத்துவிச்சியைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு வந்தார். பொழுதுபடுவதற்குள் பெண்பிள்ளை பிறந்தது. உயிரோடு, நல்ல சத்தத்தோடு.

பிள்ளை நல்லபடி பிறந்ததுதான் எல்லாருக்கும் வசதியாகப் போனது. ஊர் சிரிக்கத் தொடங்கிவிட்டது. “பொட்டுக்குள்ளாலை பிறந்த பிள்ளை” என்று பட்டம் வைத்தார்கள். கையில் கருக்குக் கீறிய காயம் சீழ்பிடித்து, மருந்தில்லாமல் உப்புத் தண்ணியில் கழுவிக் கழுவி அக்கா இரவெல்லாம் அனுங்கியதை ஒருவரும் கேட்கவில்லை. தபாலதிபர் என்னைக் கண்டு என்ன சொன்னார் தெரியுமா? “என்ன இருந்தாலும் பெரியாக்களைப் பாத்து நீர் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது.” அந்த இரண்டு பேரும் செய்தது ரோசம். நான் சொன்னது குற்றம்.

வெட்டிய வேலி வெட்டியபடி கிடந்தது. வண்டில் மாடு போகக்கூடிய அகலம். பிள்ளை சின்னம்மா வீட்டில் பிறந்தபடியால் முப்பத்தொண்டாம் நாள் சடங்கு கழித்துப் பேற்றுத் துடக்கு நீங்கும்வரை அக்கா அங்கேதான் இருந்தாள். அம்மா போய் வந்தார். அத்தான் வந்து போனார். ஐயா போகவில்லை.

“போய்ப் பேத்தியைப் பாருங்கோவன்” என்றார் அம்மா.

“ஆரும் என்னை வா எண்டு கேட்டவையோ?”

அந்தப் பக்கத்தில் சித்தப்பா: “ஆர் மறிச்சது? திறந்து தானே கிடக்கு.”

பிள்ளை அழும்போதெல்லாம் ஐயாவுக்குக் கிணற்றடியில் வேலை வந்துவிடும். தேவையில்லாமல் தண்ணி அள்ளி வாழைக்கு ஊற்றுவார். பாத்தி குளமாகக் கிடந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய். எனக்குப் பாவமாக இருக்கவில்லை. எட்டடி எடுத்து வைத்தால் பிள்ளை.

முப்பத்தொண்டு அன்று ஐயர் வந்து தீர்த்தம் தெளித்தார், பிள்ளைக்குப் பெயரும் வைத்தாயிற்று. இனி அக்கா பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வரவேண்டும். அம்மா முற்றம் கூட்டி, நிறைகுடம் வைத்து, விளக்குக் கொளுத்தினார். ஐயா முகம் வழித்து, வெளுத்த வேட்டி கட்டி, கதிரையை வேலிப் பக்கம் திருப்பிப் போட்டு இருந்தார். பிள்ளை தன்னிடம் வரும், தான் ஒருவரையும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்பது அவர் கணக்கு.

அக்கா உடுத்து வெளிக்கிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அத்தானிடம் சொன்னாள்: “சைக்கிளைக் கிழக்குப் படலைக்குக் கொண்டு வாங்கோ. உடுவிலுக்குப் போவம்.”

அம்மா அந்த இடைவெளிக்குள் நின்று கெஞ்சினார். “ஒருக்கால் வீட்டுக்கு வந்திட்டுப் போ பிள்ளை. கொப்பர் பாத்துக்கொண்டு இருக்கிறார்.”

“நான் அதாலை ஒருக்கால் வந்தனான் அம்மா. போதும்.”

ஐயாவுக்கும் கேட்டது. எழும்பினார். எங்கள் படலையால் வெளிக்கிட்டு ஒழுங்கையால் வேகமாக நடந்தார். நானும் பின்னால் போனேன். கோயில் மூலைக்கு நாங்கள் போகவும் அத்தானின் சைக்கிள் வரவும் சரியாக இருந்தது. அத்தான் காலை ஊன்றி நிறுத்தினார். அக்கா பின்னால் கரியரில், மடியில் பிள்ளை. கோயில் வாசலில் இருந்த ஆட்கள் கதையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

ஐயா அக்காவைப் பார்க்கவில்லை. அத்தானைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, பிள்ளையை ஒருக்கால் பாக்கலாமோ எண்டு கேளும்.”

பெற்ற மகள் இரண்டு முழத்தில் இருக்கிறாள். அவளோடு கதைக்கவும் இடையில் ஒரு ஆள்.

“கேக்கிறதை என்னட்டைக் கேளுங்கோ ஐயா” என்றாள் அக்கா. சத்தம் போடவில்லை. பிள்ளையின் முகத்தில் கிடந்த துணியைக்கூட விலக்கி வைத்துக்கொண்டாள். கேட்டால் உடனே கொடுக்கத்தான் அவள் இருந்தாள். அவள் கையில் கருக்குக் கீறிய கோடுகள் கறுத்துக் கிடந்தன.

ஐயா வாயைத் திறந்தார். கோயில் வாசலைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு துணியை இழுத்து மூடிவிட்டு, “போவம்” என்று அத்தானின் முதுகில் தட்டினாள். சைக்கிள் போய்விட்டது.

ஐயா நின்ற இடத்திலேயே நின்றார். வாசலில் இருந்தவர்களில் ஒருவர் பக்கத்தில் இருந்தவருக்குச் சொன்னது எனக்குக் கேட்டது.

“ரோசக்காரன்.”

மெச்சித்தான் சொன்னார்.